கம்ப்ரசர் காற்று வேண்டாம், பெயிண்ட் பிரஷ் போதும்

கேள்வி: திருப்பூரில் வீட்டை ஒட்டிய ஷெட்டில் பன்னிரண்டு மெஷின் போட்டு பனியன் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறோம். பில், ஜிஎஸ்டி, கூலிக் கணக்கு எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். வாங்கி ஆறு வருடம் ஆகிறது, ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. இப்போது மதியத்துக்கு மேல் ஃபேன் சத்தம் பெரிதாகி, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. பின்பக்கத் தகரத்தைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. எல்லாம் தூசியால்தானா? ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைக்கும்போது இதையும் சுத்தம் செய்துவிடலாம் என்று இருக்கிறேன். கம்ப்ரசர் ஏர் கன்னால் ஒரு அடி அடித்தால் போதும் என்கிறார் எங்கள் டெய்லர் மாஸ்டர். துணியில் எண்ணெய்க் கறை எடுக்கும் கெமிக்கலைத் தொட்டுப் பிசுக்கைத் துடைக்கலாம் என்கிறார் என் கணவர். நானே செய்யலாமா, கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா?

– வாசகி ஒருவர், திருப்பூர்

பதில்: நீங்களே செய்யலாம் சகோதரி. முதல் தடவை என்பதால் ஒன்றரை மணி நேரம் ஆகலாம், அவ்வளவுதான். ஆனால் மாஸ்டர் சொன்ன கம்ப்ரசரும் வேண்டாம், வீட்டுக்காரர் சொன்ன கெமிக்கலும் வேண்டாம். ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் எங்கள் சர்வீஸ் மேஜைக்கு வருபவற்றில், தூசியால் கெட்டுப்போன கம்ப்யூட்டரைவிட, தூசி துடைக்கப் போய்க் கெட்டுப்போன கம்ப்யூட்டர்தான் அதிகம். உள்ளே எல்லாப் பாகமும் சொருகியிருக்கும் மதர்போர்டு பலகையை ஈரத் துணியால் துடைத்திருப்பார்கள். ஃபேனைக் கழற்றத் தெரியாமல், கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரையும் சேர்த்துப் பிடுங்கியிருப்பார்கள். சந்தனம் குங்குமம் வைக்கிறேன் என்று பவர் பட்டனுக்குள் குங்குமத்தை இறக்கியிருப்பார்கள். கம்ப்யூட்டரை வெள்ளையாக்குவது நம் வேலை இல்லை. காற்று போகிற வழியை மட்டும் திறந்துவிட வேண்டும், மற்றதைத் தொடாமல் விட வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நீங்கள் சொல்லும் இரண்டு தொந்தரவும் வேறு வேறு. அணைந்துபோவதற்குத் தூசி காரணமாக இருக்கலாம். ஷாக்குக்கும் தூசிக்கும் சம்பந்தம் இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன், தவறாமல் படியுங்கள்.

முதலில் ஏன் அணைகிறது என்று பார்ப்போம். ப்ராசஸரின் மேல் ஹீட் சிங்க் என்ற அலுமினியத் துண்டு உட்கார்ந்திருக்கும். அதில் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். அதற்கும் மேல் ஒரு ஃபேன். ப்ராசஸரின் சூடு தகடுகளுக்கு ஏறும், ஃபேன் அந்தத் தகடுகளுக்கு இடையில் காற்றைத் தள்ளிச் சூட்டை விரட்டும். தகடுகளுக்கு நடுவே பஞ்சு அடைத்துக்கொண்டால் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று உள்ளே இறங்காது. சத்தம் மட்டும்தான் கூடும். இன்டெல் ப்ராசஸர்கள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கும்போது ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டேலி கணக்கு சாஃப்ட்வேர் திறக்க இவ்வளவு நேரமா என்று நமக்கு எரிச்சல் வருவது அப்போதுதான். அதற்கும் மேல் சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தமாக அணைந்துவிடும். மதியத்தில் மட்டும் அணைவதற்கும் இதுதான் காரணம். காலையில் ஷெட்டுக்குள் 28 டிகிரி, மதியம் சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே 38 டிகிரி என்றால், அந்தப் பத்து டிகிரியும் அப்படியே ப்ராசஸர் தலையில் ஏறும்.

சுத்தம் செய்வதற்கு முன்னால் ஒரு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். மதியத்தில் கம்ப்யூட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, திரை வரும்போதே டெலிட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் என்ற அடிப்படை செட்டிங் திரை திறக்கும். அதில் ஹார்டுவேர் மானிட்டர் என்றோ பிசி ஹெல்த் என்றோ ஒரு பக்கம் இருக்கும். சிபியு வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள். சும்மா இருக்கும் கம்ப்யூட்டரில் அது 40, 50 என்று இருக்க வேண்டும். 75, 80 என்று காட்டினால் காற்று போகவில்லை என்று அர்த்தம்.

இப்போது கம்ப்ரசர் விஷயம். மாஸ்டரைக் குறை சொல்ல முடியாது. ஓவர்லாக் மெஷினில் பஞ்சு சேர்ந்தால் ஏர் கன்னால் அடிப்பதுதான் வழக்கம், மெஷினுக்கு அது சரி. ஆனால் உங்கள் டேங்கில் 6 முதல் 8 பார் வரை அழுத்தம் இருக்கும், அதாவது ஏறக்குறைய 90 முதல் 120 பிஎஸ்ஐ. மதர்போர்டில் அரிசிக் குருணையைவிடச் சின்னச் சின்ன உறுப்புகள் ஈயத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஃபேனின் இறக்கைகளோ மெல்லிய பிளாஸ்டிக். இன்னொன்று, டேங்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து பாருங்கள், துருப்பிடித்த தண்ணீர் வரும். காற்றை அழுத்தும்போது அதில் உள்ள ஈரம் தண்ணீராகப் பிரிந்து கீழே தங்குகிறது. கம்ப்ரசர் ஆயிலும் கொஞ்சம் அதில் கலந்திருக்கும். ஏர் கன்னை அழுத்தும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகளாக இவையும் சேர்ந்துதான் வெளியே வரும். மெஷினில் பட்டால் துடைத்துவிடலாம். மெமரி அட்டை உட்காரும் ரேம் ஸ்லாட்டுக்குள் போனால் எப்படித் துடைப்பீர்கள்?

இதையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்ததும் சட்டையில் ஒட்டிய பஞ்சை ஏர் கன்னால் அடித்துக்கொள்ளும் பழக்கம் பல கம்பெனிகளில் இருக்கிறது. தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் காற்று கண்ணிலோ காதிலோ வெட்டுக்காயத்திலோ பட்டால் ஆபத்து. வெறுமனே பொருளைச் சுத்தம் செய்வதற்கே அழுத்தத்தை 30 பிஎஸ்ஐக்குக் கீழே குறைக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதியில் இருக்கிறது.

கம்ப்ரசருக்குப் பதில் கையில் பிடிக்கும் சின்ன எலக்ட்ரிக் ப்ளோயர் போதும். எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருப்பது அதைத்தான். ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். அதோடு ஒரு இன்ச் பெயிண்ட் பிரஷ் ஒன்று புதிதாக வாங்குங்கள். நைலான் வேண்டாம், முடி பிரஷ்ஷாகக் கேளுங்கள். பிரஷ்ஷைச் சுற்றி இருக்கும் தகரப் பட்டையின் மேல் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள், அப்போதுதான் அது போர்டில் கீறாது. ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், முனை மழுங்கிய ட்வீசர், நாலைந்து இயர் பட்ஸ், ஒரு டார்ச். ட்வீசர் இல்லையென்று மேஜையில் கிடக்கும் நூல் வெட்டும் டிரிம்மரை எடுத்துவிடாதீர்கள். அதன் முனை மதர்போர்டில் ஒரு கோடு இழுத்தால் கம்ப்யூட்டரே போய்விடும். வீட்டு வேக்குவம் கிளீனரும் வேண்டாம். காற்றோடு தூசி உரசிப்போகும்போது அதன் பிளாஸ்டிக் மூக்கில் ஸ்டேட்டிக் மின்சாரம் ஏறும், அது போர்டின் பக்கத்தில் பாய்ந்தால் சில்லுக்குக் கேடு.

பிசுக்கு எடுக்க ஐபிஏ என்று சொல்லப்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கிக்கொள்ளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கும் கடையில் 99 சதவீதம் என்று போட்ட பாட்டில் கிடைக்கும். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் இருக்கும் சானிடைசர் இதற்கு ஆகாது. அதில் தண்ணீரும் கிளிசரினும் கலந்திருக்கும், காய்ந்த பிறகும் பிசுபிசுப்பு தங்கும். பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் கறை கெமிக்கல் எல்லாமே பிளாஸ்டிக்கை இளக்கக்கூடியவை. ஐபிஏவும் தீப்பிடிக்கும் பொருள்தான் என்பதால் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி பக்கத்தில் பாட்டிலைத் திறக்கக் கூடாது. அதனால்தான் பூஜை நாளன்றே இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

நாள் பார்ப்பதென்றால் பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை நல்லது. சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்திருப்பீர்கள், மெஷின்கள் ஓடாததால் காற்றில் பஞ்சு பறக்காது, ஏதாவது தகராறு வந்தாலும் கையில் ஒரு நாள் இருக்கும். சனிக்கிழமை காலையில் மட்டும் கம்ப்யூட்டரைத் திறந்துவிடாதீர்கள். சனிக்கிழமை இரவே டேலி டேட்டாவை ஒரு பென்டிரைவில் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். தூசி துடைப்பதால் கணக்கு அழியாது என்றாலும், ஆறு வருடம் ஓடிய ஹார்ட் டிஸ்க்கை நம்பி இருக்க வேண்டாம்.

கம்ப்யூட்டரை முறையாக ஷட்டவுன் செய்து, சுவிட்சை அணைத்து, யுபிஎஸ்ஸையும் அணைத்து, பவர் வயரைக் கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, வயர் கையோடு வர வேண்டும். பிறகு முன்பக்கப் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். மற்ற வயர்களை உருவும் முன் பின்பக்கத்தை ஃபோனில் ஒரு படம் எடுத்துவிட்டால், மாட்டும்போது தலையைச் சொறிய வேண்டியதில்லை.

திண்ணையிலோ வாசலிலோ வைத்துச் செய்யுங்கள், ஷெட்டுக்குள் வேண்டாம். மூக்கில் மாஸ்க்கோ கைக்குட்டையோ கட்டுங்கள். ஆறு வருடப் பஞ்சு மட்டுமல்ல, கரப்பான் முட்டை, பல்லி எச்சம் எல்லாம் கிளம்பும். பட்டு, பாலியஸ்டர் புடவை கட்டிக்கொண்டு இதில் இறங்காதீர்கள். பருத்தி உடை நல்லது. வளையல், தொங்கும் சங்கிலி இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள்.

முன்னாலிருந்து பார்த்தால் இடது பக்கத் தகடுதான் பெரும்பாலும் திறக்க வேண்டியது. பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். கழற்றிவிட்டுத் தகட்டைப் பின்னோக்கி இழுத்தால் வந்துவிடும். உள்ளே எதையும் தொடும் முன் கேபினட்டின் பெயிண்ட் அடிக்காத இரும்பை ஒரு தடவை தொடுங்கள். உடம்பில் இருக்கும் ஸ்டேட்டிக்கும் கேபினட்டில் இருப்பதும் சமமாகிவிடும். வேலைக்கு நடுவே எழுந்து போய்வந்தால் திரும்பவும் தொடுங்கள்.

திறந்ததும் உடனே ப்ளோயரை எடுக்காதீர்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் ப்ராசஸர் ஃபேனின் இறக்கைகளுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு மெத்தை தெரியும். உங்கள் ஊர் கம்ப்யூட்டர்களில் நான் பார்த்தவரை இது வெறும் சாம்பல் நிறமாக இருப்பதில்லை. கூர்ந்து பார்த்தால் ஒரு அடுக்கு நேவி ப்ளூ, அதன் மேல் ஒரு அடுக்கு மெரூன், இடையில் கொஞ்சம் மஞ்சள் என்று எந்தெந்த ஆர்டர் ஓடியதோ அந்தந்தக் கலர் பஞ்சு படிந்திருக்கும். சாதாரண வீட்டுத் தூசி ஊதினால் பறக்கும். இது பறக்காது. பஞ்சு இழைகள் ஒன்றோடு ஒன்று பின்னி, மெஷின் ஆயில் ஆவியும் சேர்ந்து, அழுத்திச் செய்த துணி போல ஆகியிருக்கும். இதில் ப்ளோயர் காற்றை அடித்தால் மெத்தை இன்னும் ஆழமாகத் தகடுகளுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அதனால் முதலில் ஃபேனை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இறக்கைகளின் இடைவெளி வழியே ட்வீசரை விட்டு, மெத்தையின் ஓரத்தைக் கிளப்புங்கள். தோசையை ஓரத்தில் கிளப்பி எடுப்பது மாதிரிதான். அவசரப்படாமல் இழுத்தால் பெரிய பெரிய துண்டாக வந்துவிடும். ஃபேனைக் கொஞ்சம் திருப்பி அடுத்த இடைவெளி, பிறகு அதற்கடுத்தது. வேலையில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஃபேனையும் ஹீட் சிங்கையும் சேர்த்துக் கழற்றிவிடலாமே என்று தோன்றும். முதல் தடவை வேண்டாம். ஹீட் சிங்குக்கும் ப்ராசஸருக்கும் நடுவே தெர்மல் பேஸ்ட் என்ற பசை இருக்கிறது. ஒரு தடவை பிரித்தால் பழையதை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும், இல்லாவிட்டால் முன்னைவிட அதிகமாகச் சூடேறும். அதைவிட மோசம், உங்களுடையது ஏஎம்டி கம்பெனி ப்ராசஸரின் ஏஎம்4 வகை என்றால், காய்ந்த பேஸ்ட் கோந்து மாதிரி பிடித்துக்கொண்டு ஹீட் சிங்கோடு ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம். அடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள், நாலு வளைந்தாலே தலைவலிதான். இன்டெல்லில் ஊசிகள் சாக்கெட்டில் இருப்பதால் அந்தப் பயம் இல்லை. ஆனால் அதோடு வரும் கூலரின் நான்கு பிளாஸ்டிக் காலை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் உடைத்தவர்கள் நிறையப் பேர்.

மெத்தை வந்த பிறகு பிரஷ்ஷை எடுங்கள். மேலிருந்து கீழ் நோக்கி வாருங்கள், கீழிருந்து மேலே போனால் துடைத்த இடத்திலேயே திரும்ப விழும். மதர்போர்டின் மேல் அழுத்தாமல், கன்னத்தில் பவுடர் பூசும் அளவுக்கு இலேசாகத் தட்டிவிடுங்கள். வயர்களை இழுக்க வேண்டாம். பிறகு ப்ளோயர். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல், விட்டு விட்டு அடியுங்கள். இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: எந்த ஃபேன் மேல் காற்று அடித்தாலும் அதைச் சுற்றவிடக் கூடாது. குழந்தைகளுக்கு அந்த விர்ரென்ற சத்தம் பிடிக்கும், எங்கள் கடைப் பையன்களுக்கும் பிடிக்கும். ஆனால் ஃபேன் தன் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றினால் பேரிங் தேய்ந்துவிடும், மோட்டார் டைனமோவாக மாறி போர்டுக்குள் மின்சாரத்தையும் திருப்பி அனுப்பலாம். விரலாலோ இயர் பட்ஸாலோ பிடித்துக்கொண்டே அடியுங்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், பவர் வயர் சொருகும் இரும்புப் பெட்டி. இதன் ஸ்க்ரூவை நீங்கள் தொடவே கூடாது. நம் 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது அங்கே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும். வயரை உருவிய பிறகும் அது உடனே இறங்கிவிட்டது என்று நம்ப முடியாது. வெளியிலிருந்தே ஃபேன் ஜாலியில் பிரஷ் போட்டு, ப்ளோயரால் இரண்டு பக்கமும் அடித்தால் போதும். ஜாலிக்குள் கம்பி, ஊசி எதையும் விடாதீர்கள். சில பழைய எஸ்எம்பிஎஸ்களில் பின்பக்கம் சிவப்பாக ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், 115, 230 என்று எழுதியிருக்கும். துடைக்கும்போது துணி பட்டு அது 115 பக்கம் நகர்ந்துவிட்டால், பவர் போட்ட மறு நொடி டமார். துடைத்து முடித்ததும் 230 தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

முன்பக்க பிளாஸ்டிக் முகப்பை அடியில் கைவிட்டு இழுத்தால் பெரும்பாலான கேபினட்டுகளில் கழன்று வரும். உள்ளே பவர் பட்டன் வயர் இருக்கலாம், அதனால் மெதுவாக. அங்கேயும் பஞ்சு அடைத்திருக்கும், காற்று உள்ளே வரும் வாசல் அதுதான். பிளாஸ்டிக் முகப்பு மட்டும் தனியாக வந்துவிட்டால், வயர் எதுவும் இல்லையென்றால், சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டலாம். கேபினட்டில் தண்ணீர் படக்கூடிய ஒரே பாகம் அதுதான்.

பிசுக்கு இருக்கும் இடம் என்றால் ஃபேன் இறக்கைகளும் ஜாலியும்தான். இயர் பட்ஸை ஐபிஏவில் தொட்டுப் பிழிந்துவிட்டு ஒவ்வொரு இறக்கையாகத் துடையுங்கள். சொட்டச் சொட்ட வேண்டாம். மதர்போர்டின் மேல் பிசுக்கு இருந்தால் இருக்கட்டும், அது ஓடுவதற்கு இடைஞ்சல் இல்லை. வெளிப்பக்கத் தகரத்தை மட்டும் துணியால் துடைக்கலாம். அதற்குக்கூட பனியன் வேஸ்ட் வேண்டாம். உங்கள் ஊரிலிருந்துதான் மாநிலம் முழுக்க மெஷின் துடைக்க அது போகிறது, ஆனால் அது துடைக்கும்போதே பஞ்சை விட்டுக்கொண்டே போகும். மூக்குக் கண்ணாடியோடு தருகிற துணி இருந்தால் அது உத்தமம்.

ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்ப்பது பற்றி யூடியூபில் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் ஒழுங்காக ஆன் ஆகிறது என்றால் ரேமைத் தொட வேண்டியதே இல்லை. எங்களில் சிலர் எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் முதல் வேலையாக ரேமை உருவி ரப்பரால் பத்து தேய் தேய்ப்பார்கள். அந்தத் தங்கப் பூச்சு ரொம்ப மெல்லியது, தேய்த்தே போய்விடும்.

எல்லாம் முடிந்து ஐபிஏ காய பத்து நிமிடம் விட்டு, தகட்டை மூடும் முன் கேபினட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். நீளவாக்கில் சில பட்டி ஓட்டைகள் தகடு இல்லாமல் திறந்து கிடக்கலாம். பல்லியும் கரப்பானும் உள்ளே போகும் பாதை அதுதான். உள்ளே நுழைந்த பல்லி மின்சாரப் பாதையில் குறுக்கே கிடந்து ஷார்ட் ஆவது நம் ஊரில் அதிசயம் ஒன்றும் இல்லை. அதற்கான தகடு கடையில் கிடைக்கும், இல்லையென்றால் கெட்டியான டேப் ஒட்டுங்கள். காற்றுக்காக விட்டிருக்கும் ஜாலியை மட்டும் அடைத்துவிடாதீர்கள். பஞ்சு உள்ளே போகாமல் இருக்கட்டும் என்று பனியன் துணியை ஜாலியின் மேல் கட்டிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். துணி காற்றையும் சேர்த்து நிறுத்திவிடும், பழைய கதைதான். ஓரத்தில் காந்தம் வைத்த நெட் ஃபில்டர் கடையில் கிடைக்கிறது, அதை முன்பக்கம் ஒட்டிவிட்டு வாரம் ஒரு தடவை உருவி உதறுங்கள். உங்கள் இடத்துக்கு வாரம் ஒரு தடவை என்பது அதிகம் இல்லை.

மாட்டி ஆன் செய்ததும் திரை வரவில்லை என்றால் பயந்துவிடாதீர்கள். சுத்தம் செய்த பிறகு டிஸ்ப்ளே வராமல் எங்களுக்கு ஃபோன் வருவதில் பாதிக்கு மேல் ரேம் கொஞ்சம் நகர்ந்திருக்கும், அல்லது மானிட்டர் வயரைத் தப்பான இடத்தில் சொருகியிருப்பார்கள். திரும்பவும் பவர் வயரை உருவிவிட்டு, ரேமை இரண்டு பக்க லாக்கும் டிக் என்று விழும்வரை அழுத்துங்கள். ஃபோனில் எடுத்த படத்தைப் பார்த்து வயர்களைச் சரிபாருங்கள். ப்ராசஸர் ஃபேன் சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள். வயர் ஏதாவது இறக்கையில் சிக்கி ஃபேன் நின்றிருந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். தேதி, நேரம் பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறாக இருந்தால் ஜிஎஸ்டி தளமே திறக்காமல் முரண்டு பிடிக்கும், பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, பிரஷ் போட்டால் போதும். மானிட்டரில் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தை அடிக்காதீர்கள். அதில் உள்ள அமோனியா திரையின் பூச்சைக் கெடுக்கும். துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, மானிட்டரை அணைத்துவிட்டுத் துடைத்தால் சரி.

சரி, இப்போது ஷாக். தொட்டால் விரலில் சுருக்கென்று, வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நிற்கும்போது அதிகமாக, செருப்பு போட்டால் தெரியாமல் இருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் சாக்கெட்டில் எர்த் வரவில்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே மின்சார இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸ் என்ற கரண்ட் வரும் வயரிலிருந்து, இன்னொன்று நியூட்ரலிலிருந்து கேபினட் உடம்புக்கு. அவற்றின் வழியே எப்போதும் கொஞ்சம் மின்சாரம் கசியும். எர்த் இருந்தால் அது அந்த வயரில் போய்விடும். இல்லையென்றால் கேபினட்டிலேயே ஏறி நிற்கும், அளந்து பார்த்தால் 115 வோல்ட் பக்கம் காட்டும். கசிவு ரொம்பக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு சரி, பெரும்பாலும் ஆளைத் தூக்கி அடிக்காது. ஆனால் நாளைக்கே உள்ளே ஒரு வயர் உண்மையிலேயே உரசி பேஸ் தகரத்தில் ஏறினால் தடுக்க எர்த் இல்லை என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம். உங்கள் தையல் மெஷின் மோட்டார்களும் அதே லைனில்தான் இருக்கும், அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் காலையும் கையையும் இரும்பில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்கிறார்கள். கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வதற்கு முன்னாலேயே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கமும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்டும் காட்ட வேண்டும் என்று அவரிடம் சொன்னால் புரிந்துகொள்வார். அதோடு, கசிவு வந்தால் லைனைத் தானாகவே துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லையென்றால் ஒன்று போடச் சொல்லுங்கள். யுபிஎஸ்ஸை மூன்று பின்னிலிருந்து இரண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டரில் சொருகியிருந்தால் அதை முதலில் தூக்கிப் போடுங்கள். செருப்பு போட்டும் ஷாக் பலமாக இருந்தால் எலக்ட்ரீஷியன் வரும்வரை கம்ப்யூட்டரை ஆன் செய்யவே வேண்டாம்.

கம்ப்யூட்டரைத் திரும்ப வைக்கும்போது தரையில் வைக்காதீர்கள். பஞ்சு கீழேதான் உருளும். ஒன்றரை அடி உயர ஸ்டூலாவது வேண்டும், பின்பக்கம் சுவருக்கு ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கம்ப்யூட்டர் டேபிளில் கதவு வைத்த அறைக்குள் வைத்திருந்தால் கதவைக் கழற்றிவிடுங்கள். மேலே போட்டு மூடும் உறை இருந்தால் அணைத்துச் சூடு ஆறிய பிறகு மட்டும். முடிந்தால் ஷெட்டிலிருந்து வீட்டுக்குள்ளேயே மாற்றிவிடலாமா என்று யோசியுங்கள். ஒரு கதவு குறுக்கே இருந்தாலே பாதிப் பஞ்சு குறைந்துவிடும். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு வருடம் ஒரு தடவை திறந்தால் போதும். உங்களுடையது ஷெட்டில் தொடர்ந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறக்க வேண்டியிருக்கும். மாசி மாதத் தடவையை மட்டும் தவறவிடாதீர்கள், அடுத்து வருவது வெயில் காலம்.

சுத்தம் செய்து ஒரு வாரம் ஓட்டிய பிறகு, முதலில் குறித்துவைத்த அதே அளவை அதே மாதிரி மதியத்தில் பாருங்கள். 50க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் விஷயம் முடிந்தது. இன்னும் 70ஐத் தாண்டி நிற்கிறது என்றால் ஆறு வருடப் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். அதற்குக் கடைக்குக் கொண்டுபோங்கள், கண் முன்னாலேயே முடிகிற வேலைதான். சூடு சரியாக இருந்தும் அணைகிறது என்றால் எஸ்எம்பிஎஸ்ஸோ யுபிஎஸ் பேட்டரியோ பலவீனமாகியிருக்கும். யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேராகச் சுவரில் சொருகி ஒரு நாள் ஓட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கடைக்காரரிடம் "தூசி எடுத்துவிட்டேன், சூடு இவ்வளவு, நேர் லைனில் ஓட்டியும் அணைகிறது" என்று இந்த மூன்றையும் சொல்லுங்கள். ஜெனரல் சர்வீஸ் என்று ஒரு பில் போட்டு ப்ளோயரை மட்டும் காட்டி அனுப்ப அவருக்கு வழி இருக்காது.